கமா எதற்கு: மூச்சுக்கா, பொருளுக்கா?

புனே நகரின் கிழக்குப் பக்கம், நகர் சாலையை ஒட்டிய கராடியில் ஒரு நாளைக்கு எழுதப்படும் ஆங்கிலத்துக்குக் கணக்கே கிடையாது. இயான் ஐ.டி. பார்க், வேர்ல்டு டிரேட் சென்டர், ஜென்சார் வளாகம் என்று நிற்கும் கட்டடங்களுக்குள் மராத்திக்காரர், தமிழர், தெலுங்கர், வங்காளி எல்லோரும் ஒரே குழுவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். கேன்டீனில் இந்தி ஓடும். எழுத வேண்டும் என்று வந்துவிட்டால் ஆங்கிலம்தான். வாடிக்கையாளருக்குப் போகும் மெயில், மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் ஆவணம், சோதனைக் குறிப்பு, ஒப்பந்தத்தின் இணைப்பு என்று எல்லாமே அதில்தான். இந்த ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இப்போது அருகிவிட்டது. சிவப்புக் கோடு போட்டுக் கணினியே காட்டிக் கொடுத்துவிடுகிறது. கமாவும் செமிகோலனும் மட்டும் பழைய குழப்பத்திலேயே இருக்கின்றன. 'தி சர்வர் இஸ் டவுன், வீ ஆர் செக்கிங் இட்' என்று இரண்டு முழு வாக்கியங்களை ஒரு கமாவில் தொங்கவிடுவது ஒன்று. 'ப்ளீஸ் நோட் தட்' என்று எழுதி உடனே ஒரு கமா போட்டு மூச்சு வாங்கிக்கொள்வது இன்னொன்று. 'ஹவெவர்' என்ற சொல்லை நடுவில் வைத்து, அதன் முன்னே ஒரு கமாவை மட்டும் போட்டு, இரண்டு பக்கமும் முழு வாக்கியங்களை ஓடவிடுவது மூன்றாவது. கராடியில் மட்டுமல்ல, சென்னை ஓ.எம்.ஆரிலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் இதே மூன்றைத்தான் பார்க்கலாம். எழுதுகிறவர்கள் படிக்காதவர்கள் அல்லர், கவனக்குறைவானவர்களும் அல்லர். எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள் என்றால் தவறு அவர்கள் கற்ற பாடத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பாடம் தமிழ் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை நேரம் நிறுத்து, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நிறுத்தக்குறி என்ற பெயரே நிறுத்தத்தைத்தான் சொல்கிறது. வாய்விட்டுப் படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல துணை. நம் ஆசிரியர்கள் கண்டுபிடித்த விதி என்றும் இதைச் சொல்ல முடியாது. 1795இல் லிண்ட்லி மரே வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல் பல தலைமுறைகளுக்குப் பாடப்புத்தகமாக இருந்தது. கமா மிகச் சிறிய நிறுத்தம், செமிகோலன் அதைப்போல் இரண்டு மடங்கு, கோலன் அதிலும் இரண்டு மடங்கு, முற்றுப்புள்ளி அதற்கும் இரண்டு மடங்கு என்பதுதான் அந்த நூலின் கணக்கு. அதன் பிறகு ஆங்கிலம் மெல்ல இந்தக் கணக்கைக் கைவிட்டது. மௌனமாகப் படிக்கும் வழக்கம் பெருகப் பெருக, குறிகள் மூச்சை விட்டுவிட்டு வாக்கியத்தின் கட்டமைப்பைக் காட்டத் தொடங்கின. இன்றைய ஆங்கிலத்தில் கமா எங்கே வரும் என்பதை நுரையீரல் தீர்மானிப்பதில்லை, இலக்கணம் தீர்மானிக்கிறது. நாமோ மரேயின் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய ஆங்கிலத்தை எழுதுகிறோம். பிழையின் வேர் இதுதான் என்பது என் வாதம்.

இந்த வேர் ஏன் நம்மிடம் இவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்குப் புனேயிலேயே ஒரு சாட்சி உண்டு. பேஷ்வா தஃப்தர் என்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கும் மராத்திய ஆட்சிக் காலக் கடிதங்களும் கணக்குகளும் பெரும்பாலும் மோடி எழுத்தில் எழுதப்பட்டவை. அந்த எழுத்து மரபில் கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடும் வழக்கம்கூட இல்லை. ஒரு பேரரசின் வரி வசூலும் படை நகர்வும் இப்படிப்பட்ட தாள்களில்தான் நடந்தன. மராத்திக்கு மேலைநாட்டுக் குறிகள் வந்ததில் பெரிய பங்கு மேஜர் தாமஸ் கேண்டி என்ற ஆங்கிலேயருக்கு. புனே கல்லூரியில் பணியாற்றியவர், மோல்ஸ்வொர்த்தின் மராத்தி அகராதிப் பணியிலும் துணைநின்றவர். அவர் 1850இல் நிறுத்தக்குறிகளை விளக்கி மராத்தியில் ஒரு சிறுநூல் எழுதினார். தமிழின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஓலைச்சுவடிகளில் காற்புள்ளி கிடையாது. பலவற்றில் மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளியே இருக்காது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தம் உரைநடை நூல்களிலும் பதிப்புகளிலும் குறிகளை முறையாகப் பயன்படுத்திக் காட்டினார். தமிழ் உரைநடையில் அவை நிலைபெற்றதை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

இத்தனை நூற்றாண்டுகள் குறியே இல்லாமல் எப்படிச் சமாளித்தோம்? வாக்கியத்தின் எலும்புக்கூட்டை நம் மொழி சொல்லின் கடைசியிலேயே ஒட்டிவைத்துவிடுகிறது. 'வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்' என்பதில் ஐந்து செயல்கள் இருக்கின்றன. ஒரு கமாகூடத் தேவையில்லை. வினையெச்சம் ஒவ்வொன்றும் 'நான் இன்னும் முடியவில்லை' என்று சொல்லிக்கொண்டே போகிறது, கடைசி வினைமுற்று வந்து கதவைச் சாத்துகிறது. 'ராமனும் சீதையும் இலக்குவனும்' என்றால் 'உம்' என்ற இடைச்சொல்லே பட்டியலைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஒருவர் சொன்னது எங்கே முடிகிறது என்பதற்கு 'என்று' இருக்கிறது. 'சென்ற மாதம் சேர்ந்த குழுவினர், பயிற்சியை முடித்துவிட்டார்கள்' என்று எழுவாய்க்குப் பின்னால் ஒரு கமாவைச் செருகினாலும் ஒன்றும் கெட்டுவிடாது; 'ஆர்கள்' என்ற விகுதி எழுவாயை எட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே தமிழில் கமா பெரும்பாலும் ஒரு சௌகரியம். இருந்தால் படிக்க எளிது, இல்லாவிட்டாலும் பொருள் தப்பாது. ஆங்கிலத்திலோ விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டன. எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பதைச் சொல்லின் வரிசையும் குறிகளும்தான் காட்ட வேண்டும். நம் மொழியில் உருபும் எச்சமும் செய்கிற வேலையில் ஒரு பங்கை ஆங்கிலத்தில் கமா செய்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுவாய் எவ்வளவு நீண்டாலும், படிக்கிறவருக்கு மூச்சு முட்டினாலும், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா வைக்கக் கூடாது என்கிறார்கள்.

இப்போது அந்த மூன்று பிழைகளையும் திரும்பப் பார்த்தால் அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரியும். 'நோட் தட்' என்பதற்குப் பின்னால் வரும் கமா, பேச்சில் நாம் 'விஷயம் என்னவென்றால்' என்று இழுத்து நிறுத்துகிற நிறுத்தம். இந்திக்காரர் 'கி' என்று நிறுத்துவார், மராத்திக்காரர் 'கீ' என்று நிறுத்துவார். கராடியில் ஒரே மேசையில் இருக்கும் மூவருக்கும் நிறுத்தம் ஒரே இடத்தில் வருவதால் ஒருவர் பிழை இன்னொருவர் கண்ணில் படுவதில்லை. சர்வர் வாக்கியத்தில் இருக்கும் கமா, தமிழில் 'சர்வர் படுத்துவிட்டது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று நாம் இயல்பாக எழுதுவதன் நிழல். ஆங்கிலத்தில் இவை தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள். அவற்றைச் சேர்க்க வேண்டுமானால் கமாவோடு 'அண்ட்', 'பட்', 'ஸோ' போன்ற ஓர் இணைப்புச் சொல் வேண்டும். இல்லையென்றால் முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்துவிட வேண்டும். இரண்டும் பிடிக்கவில்லையா, அப்போதுதான் செமிகோலன். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' போன்றவை பார்ப்பதற்கு இணைப்புச் சொல் மாதிரி இருந்தாலும் ஆங்கில இலக்கணத்தில் இணைக்கும் உரிமை இல்லாதவை. நாம் 'எனினும்', 'ஆகவே' என்று மனதில் மொழிபெயர்த்துக்கொண்டு அந்த உரிமையைக் கொடுத்துவிடுகிறோம். 'தி பில்ட் பாஸ்டு; ஹவெவர், தி டெஸ்ட்ஸ் ஃபெயில்டு' என்பதே சரி: முன்னால் செமிகோலன், பின்னால் கமா.

இவை மூன்றும் சிறு குற்றங்கள். படிப்பவர் முகம் சுளிப்பார், பொருள் மாறாது. பெரிய குற்றம் வேறொன்று, அதைப் பற்றி நம் வகுப்பறைகளில் பேசுவதே குறைவு. 'தி எம்ப்ளாயீஸ் ஹூ வொர்க் இன் கராடி வில் கெட் எ பஸ்' என்று ஒரு சுற்றறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கமா இல்லை. நிறுவனத்துக்குப் பல ஊழியர்கள், பல அலுவலகங்கள். அதில் கராடியில் இருப்பவர்களுக்கு மட்டும் பேருந்து என்று பொருள். அதே வாக்கியத்தில் 'எம்ப்ளாயீஸ்' என்பதற்குப் பின் ஒரு கமா, 'கராடி' என்பதற்குப் பின் இன்னொரு கமா போடுங்கள். இப்போது ஊழியர்கள் எல்லோருமே கராடியில்தான் இருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் பேருந்து உண்டு, இடத்தைச் சும்மா ஒரு தகவலுக்காகச் சொன்னார்கள் என்றாகிவிடுகிறது. சொல் ஒன்றுகூட மாறவில்லை. தமிழில் இதைச் சொல்லிப் பாருங்கள்: 'கராடியில் வேலை செய்யும் ஊழியர்களுக்குப் பேருந்து உண்டு.' இந்த ஒரே வாக்கியம் இரண்டு பொருளையும் தாங்கும். வேறுபடுத்த வேண்டுமானால் 'மட்டும்' என்றோ 'எல்லோருக்கும்' என்றோ இன்னொரு சொல்லைச் சேர்ப்போம். நம் பெயரெச்சம் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் அந்த இரண்டு கமாக்கள் எவ்வளவு பெரிய வேலை செய்கின்றன என்பது நமக்குத் தானாக உறைப்பதில்லை. சொல்லித் தந்தால்தான் உண்டு. மூச்சுக் கணக்கு இங்கே அறவே உதவாது, ஏனென்றால் இரண்டு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

ஒரு கமாவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு நீதிமன்றங்கள் பதில் வைத்திருக்கின்றன. 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 27ஆவது பிரிவு, விற்பனைக்காக மருந்து தயாரிப்பது, விற்பது, 'ஸ்டாக்ஸ் ஆர் எக்சிபிட்ஸ் ஃபார் சேல்' என்று குற்றங்களை அடுக்கிக்கொண்டு போனது. மருந்தை வெறுமனே இருப்பு வைத்திருந்தாலே குற்றமா, விற்பதற்காக இருப்பு வைத்திருந்தால்தான் குற்றமா? மகாராஷ்டிர அரசு எதிர்த்தரப்பாக இருந்த ஒரு மேல்முறையீட்டில் 1979இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. மற்ற குற்றங்களுக்குப் பின் கமா இருக்கிறது, 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் இல்லை. ஆகவே 'விற்பனைக்காக' என்ற நிபந்தனை இருப்பு வைப்பதற்கும் சேர்த்துத்தான் என்று நீதிமன்றம் படித்தது. விற்கும் நோக்கம் நிரூபிக்கப்படாததால் தண்டனை நிற்கவில்லை. அங்கே ஒரு கமா இருந்திருந்தால் மாத்திரைப் பெட்டியைக் கையில் வைத்திருந்ததே குற்றமாகியிருக்கக்கூடும். சட்டத்தில் குறிகளுக்கு மதிப்பே கிடையாது என்ற பழைய ஆங்கிலேய மரபும் உண்டு. 1952இல் ஒரு வழக்கில் நீதிபதி பி.கே. முகர்ஜியா அந்த மரபைச் சுட்டிக்காட்டினார். ஆனால் கவனமாகக் குறியிட்டு எழுதப்பட்ட சட்டத்தில் பொருள் ஐயமாக இருந்தால் குறிக்கு எடை கொடுக்கத்தான் வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். தெளிவான பொருளைக் கமா கவிழ்க்காது, தெளிவில்லாத இடத்தில் தராசின் முள் அதுதான் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய கதை நடந்தது. மெய்ன் மாநிலத்துச் சட்டம் உணவுப்பொருள் தொழிலில் எந்தெந்த வேலைகளுக்குக் கூடுதல் நேரக் கூலி கிடையாது என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. பதப்படுத்துதல், உறையவைத்தல், உலர்த்துதல் என்று போய் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று பட்டியல் முடிந்தது. 'ஆர்' என்பதற்கு முன் கமா இல்லை. விநியோகிப்பது தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவது மட்டுமா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் விநியோகம் செய்பவர்கள், பொட்டலம் கட்டுபவர்கள் அல்லர். கூடுதல் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது, ஐயத்தின் பலன் தொழிலாளிக்கே என்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அதற்குப் பிறகு மெய்ன் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? அந்த ஒரு கமாவைச் சேர்த்துவிட்டு ஓயவில்லை. பட்டியலில் இருந்த கமாக்களை எடுத்துவிட்டு வேலைக்கு வேலை செமிகோலன் போட்டது. செமிகோலனின் இரண்டாவது வேலை இதுதான்: உறுப்புகள் நீளமாகவோ, உள்ளேயே கமா உள்ளவையாகவோ இருக்கும் பட்டியலில் எது எங்கே முடிகிறது என்று எல்லை காட்டுவது. 'சென்னை, தமிழ்நாடு; புனே, மகாராஷ்டிரா; கொச்சி, கேரளம்' என்று எழுதினால் மூன்று இடங்கள். எல்லாவற்றுக்கும் கமாவே போட்டால் கணினி ஆறாக எண்ணும், மனிதனும் ஒரு கணம் திகைப்பான். 1490களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுடியஸின் அச்சகத்தில் பிறந்த இந்தக் குறி ஐநூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இதுபோன்ற உழைப்பே காரணம்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரர்களே தங்களுக்குள் ஒத்துப்போவதில்லையே என்பது ஒன்று. உண்மைதான். மூன்று பொருள் உள்ள பட்டியலில் 'அண்ட்' என்பதற்கு முன் கமா போட வேண்டும் என்கிறது ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பக மரபு. பிரிட்டிஷ் செய்தித்தாள்களும் நம் ஊர் ஆங்கில நாளிதழ்களும் பெரும்பாலும் போடுவதில்லை. ஆனால் கருத்து வேறுபாடு இருக்கும் இடங்கள் குறைவு. எழுவாயையும் வினையையும் ஒற்றைக் கமாவால் வெட்டலாம் என்று எந்த மரபும் சொல்வதில்லை. 'ஹூ' வாக்கியத்தில் இரண்டு கமாவும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான் என்றும் யாரும் சொல்வதில்லை. விதி நெகிழும் இடம் எது, நெகிழாத இடம் எது என்று தெரிந்தவருக்குத்தான் நெகிழ்ச்சியால் பயன்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. புரிந்தால் போதாதா, நம் ஆங்கிலத்தை ஏன் லண்டன் தராசில் நிறுக்க வேண்டும்? இதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். 'நோட் தட்' கமாவை வைத்து ஒருவரின் அறிவை எடைபோடுவது வெறும் மேட்டிமை. அந்தக் கமா இந்திய ஆங்கிலத்தின் பழக்கமாகவே நிலைத்துவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. பேருந்துச் சுற்றறிக்கையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே கெடுவது நடை அல்ல, தகவல். கராடி ஊழியர் எழுதுவதைப் படிக்கப்போகிறவர் அவரை நேரில் பார்க்காதவர், அவர் தொனியைக் கேட்காதவர், ஒருவேளை அந்தத் தாளை வழக்கறிஞரிடம் கொண்டுபோகிறவர். வாட்ஸ்அப் உரையாடலில் நிறுத்தக்குறியே இல்லையே என்றால், அங்கே ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிச் செய்தியாக அனுப்புகிறோம். அனுப்பும் பொத்தானே முற்றுப்புள்ளி. புரியவில்லையென்றால் அடுத்த நொடியில் திருப்பிக் கேட்கலாம். ஒப்பந்தத்திடம் அப்படிக் கேட்க முடியாது.

இதையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் இப்போது அதிகம் கேட்கும் பதில். தொங்கும் கமாவை அது நன்றாகவே பிடிக்கிறது, 'ஹவெவர்' முன்னால் செமிகோலனும் போட்டுத் தருகிறது. அதற்காக அதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. ஆனால் எல்லா ஊழியர்களும் கராடியில் இருக்கிறார்களா, சிலர் மட்டும் இருக்கிறார்களா என்பது வாக்கியத்துக்குள் இல்லை, எழுதுகிறவர் தலைக்குள் இருக்கிறது. கமா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலக்கணப்படி வாக்கியம் சரியானதே. ஆகவே கருவி பச்சைக்கொடி காட்டிவிடும். பிழை என்று கோடு விழாத இந்த இடத்தில்தான் 1979இல் ஒருவரின் தண்டனையும், பால்வண்டி ஓட்டுநர்களின் கூலியும் தொங்கிக்கொண்டிருந்தன.

நம் ஆங்கில ஆசிரியர்கள் மாத்திரைக் கணக்கை உரக்கப் படிக்கும் வகுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். எழுத்துக்கு வரும்போது, தமிழ் வகுப்பில் மாணவர் ஏற்கெனவே படித்த வினையெச்சத்தையும் பெயரெச்சத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவை செய்யும் வேலையை ஆங்கிலத்தில் எது செய்கிறது என்று காட்டினால் இரண்டு மூன்று வகுப்புகளில் முடிகிற பாடம் இது. பள்ளியைத் தாண்டி வேலைக்கு வந்துவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மெயிலை அனுப்புவதற்கு முன் அதில் 'ஹூ', 'விச்' வருகிற வாக்கியத்தை மட்டும் தேடிப் பிடியுங்கள், சொல்ல வந்தது சிலரையா எல்லோரையுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு, அதன்படி இரண்டு கமாவையும் போடுங்கள் அல்லது இரண்டையும் எடுத்துவிடுங்கள்.